கடைக்கு ஒரு வலைப்பக்கம்: வணிகர் கற்க வேண்டிய அடிப்படைகள்



நமது பொதட்டூர்பேட்டை தறிச் சத்தத்தால் வாழும் ஊர். கைத்தறியும் விசைத்தறியும் நெய்து கொடுப்பதை விற்றுக் காசாக்குவது நம் கடமை. முன்பெல்லாம் வெளியூர் வியாபாரி ஒருவர் நம் சரக்கைப் பற்றிக் கேள்விப்பட்டால் திருத்தணிக்கு ரயிலில் வந்து இறங்கி, பஸ் பிடித்து நேரே கடைக்கு வருவார். இன்று அவர் முதலில் செய்வது கைபேசியில் நம் கடைப் பெயரைத் தேடிப் பார்ப்பதுதான். அங்கே நம்மைப் பற்றி நாமே எழுதிய ஒரு பக்கம் இருந்தால் அதைப் படிப்பார். இல்லாவிட்டால் வேறு யாரோ எழுதியதைப் படிப்பார், அல்லது அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வேலை, பணத்தைக் கொடுத்தால் செய்து தருவார்கள்" என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். செய்து தருவார்கள் என்பது உண்மையே. ஆனால் நூல் நம்பர் தெரியாதவர் நூல் மண்டிக்குப் போனால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகும். கொடுத்த பணத்துக்கு என்ன வாங்கினோம், அது யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியாமல் போகும். ஆகவே வலைப்பக்கம் என்பது எதனால் ஆனது, அதை ஒருவர் எப்படிக் கற்கத் தொடங்குவது, எந்தச் சாவி நம் கையில் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

யாருடைய சொத்து?

ஆங்கிலத்தில் 'வெப்' என்ற சொல்லின் பழைய பொருள் தறியில் நெய்த துணி என்பதே. சிலந்தி வலைக்கு அப்பெயர் பின்னர்தான் வந்தது. நெசவாளர் ஊருக்கு இது அந்நியமான சொல் அல்ல.

இந்த வலையை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர். ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற அணு ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்தபோது 1989-ல் இதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1991-ல் முதல் இணையதளம் பிறருக்குத் திறந்துவிடப்பட்டது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இத்தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. வணிகர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். வலைப்பக்கம் எழுதும் மொழிக்கு உரிமக் கட்டணம் இல்லை. யாரிடமும் அனுமதி வாங்கவும் வேண்டாம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் கிடைத்தது.

இணையத்தில் தமிழை ஏற்றியவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழாசிரியர், எழுத்தாளர். 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் வெளியிட்ட முயற்சியில் தமிழ்ப் பகுதி அவரால் இடம் பெற்றது. 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி, 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் பணிபுரிந்த வேதியியல் அறிஞர். இருவருமே கணினித் தொழிலைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். தேவை இருந்தது, கற்றுக்கொண்டார்கள். நமக்கும் தேவை இருக்கிறது.

பாவு, சாயம், இயக்கம்

ஒரு வலைப்பக்கம் மூன்று பொருள்களால் ஆனது.

முதலாவது எச்.டி.எம்.எல். இது பாவு போன்றது. பாவு இல்லாமல் துணி இல்லை. இது இல்லாமல் பக்கம் இல்லை. எது தலைப்பு, எது பத்தி, எது படம், எது பட்டியல் என்று கணினிக்குச் சொல்லும் குறிகளே எச்.டி.எம்.எல். ஆகும்.

இரண்டாவது சி.எஸ்.எஸ். இது சாயமும் கரையும் போன்றது. எழுத்து எவ்வளவு பெரியது, பின்புறம் என்ன நிறம், படம் இடப்புறமா வலப்புறமா என்பதை இது முடிவு செய்கிறது. ஹோக்கன் வியும் லீ என்பவர் 1994-ல் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் இது முறையான தரமாக வெளிவந்தது. ஒரே பாவில் வேறு வேறு சாயம் ஏற்றுவதுபோல, எழுதிய செய்தியை மாற்றாமலே பக்கத்தின் தோற்றத்தை முழுவதும் மாற்றலாம்.

மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட். இது தறியின் இயக்கம் போன்றது. பொத்தானைத் தொட்டால் விலைப்பட்டியல் விரிவது, எத்தனை டஜன் என்று குறித்தால் மொத்தத் தொகை வருவது போன்ற வேலைகளை இது செய்யும். பிரெண்டன் ஐக் என்பவர் 1995-ல் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதினார்.

நம் கடைக்கான முதல் பக்கத்துக்கு மூன்றாவது தேவையே இல்லை. முதலாவதை நன்றாகவும் இரண்டாவதை ஓரளவும் கற்றால் போதும்.

முதல் பக்கம் எழுதும் முறை

இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினி சில வீடுகளில் மூலையில் கிடக்கிறது. ஓடும் நிலையில் இருந்தால் அதுவே போதும். விண்டோஸ் கணினியில் 'நோட்பேட்' என்ற எழுதுபலகை இருக்கும். அதைத் திறந்து எழுதி, 'இண்டெக்ஸ்' என்று பெயரிட்டு, பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து எச்.டி.எம்.எல். என்று சேர்த்துச் சேமிக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால் குரோம் போன்ற உலாவியில் பக்கமாகத் திறக்கும். இதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை.

குறிகளை ஆங்கில எழுத்தில், கூர் அடைப்புக்குள் எழுத வேண்டும். தொடங்கும் குறி ஒன்று, முடிக்கும் குறி ஒன்று. முடிக்கும் குறியில் ஒரு சாய்கோடு கூடுதலாக வரும். கணக்கில் பற்றும் வரவும் நேர் ஆவதுபோலத் திறந்த குறியை மூட வேண்டும். 'எச்1' என்பது பெரிய தலைப்பு; கடைப் பெயர் அதில் வரட்டும். 'பி' என்பது பத்தி. 'யுஎல்', 'எல்ஐ' என்பவை பட்டியலுக்கு. 'ஐஎம்ஜி' என்பது படத்துக்கு. இதற்கு மட்டும் முடிக்கும் குறி கிடையாது. 'ஏ' என்பது இணைப்புக்கு. இந்த ஆறு குறிகளைக் கொண்டே ஒரு கடையின் பக்கத்தை முழுமையாக எழுதிவிடலாம்.

பக்கத்தின் மேற்பகுதியில் மூன்று வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் வரி எழுத்து முறை 'யூ.டி.எஃப்-8' என்று சொல்லும். இது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியக்கூடும். இரண்டாவது 'வியூபோர்ட்' என்ற வரி. இது இல்லாவிட்டால் கைபேசியில் எழுத்து எறும்பு போல் சிறுத்துத் தெரியும். மூன்றாவது 'டைட்டில்'. தேடுவோருக்கு முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். இதில் கடைப் பெயர், விற்கும் பொருள், ஊர்ப் பெயர் மூன்றும் இருக்கட்டும். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் 'பேட்' என்றும் 'பேட்டை' என்றும் பலவிதமாக எழுதுகிறார்கள். பக்கத்தில் எங்காவது ஓரிடத்தில் அவ்வடிவங்களையும் குறித்து வைத்தால் தேடுபவர் எப்படித் தட்டினாலும் நம்மைக் கண்டுபிடிக்க வழியுண்டு.

இன்னொரு பயனுள்ள குறிப்பு. 'ஏ' என்ற இணைப்புக் குறிக்குள் 'டெல்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, நாட்டு எண்ணோடு சேர்த்துக் கடை எண்ணைக் கொடுத்தால், கைபேசியில் பார்ப்பவர் அதைத் தொட்டவுடன் நமக்கு அழைப்பு வரும். எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளும் வேலை அவருக்கு மிச்சம்.

எழுத்துருவால் வரும் தொல்லை

நோட்டீஸ் அடிக்க அச்சகத்தில் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். அதையே எடுத்து வலைப்பக்கத்தில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். காரணம் இதுதான். பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக இருந்ததால், 1990-களில் தமிழ்த் தளம் ஒன்றைப் படிக்க அதற்குரிய எழுத்துருவைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இதை ஒழுங்குபடுத்த 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன. பின்னர் உலகமொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோட் முறை பரவியது. தமிழக அரசும் 2010-ல் அதை ஏற்றது.

ஆகவே பக்கத்தில் இடும் தமிழ் யூனிகோட் எழுத்தாகவே இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் இருப்பதை மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யூனிகோடால் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது என்றாலும், நம் வியாபாரம் எல்லையோடு நிற்பதில்லை. நகரி, புத்தூர்ப் பக்கத்து வாடிக்கையாளருக்காக அதே பக்கத்தில் தெலுங்கிலும் நான்கு வரி எழுதலாம். இரண்டு மொழியும் ஒரே பக்கத்தில் சண்டையின்றி இருக்கும்.

பக்கத்தில் என்ன எழுதுவது?

அழகைவிடச் செய்தி முக்கியம். கீழ்க்கண்டவை இருந்தால் போதும்.

1. கடைப் பெயர், எந்த ஆண்டு முதல் நடக்கிறது, என்ன விற்கிறோம்.
2. சில்லறையா, மொத்தமா, மொத்தம் என்றால் குறைந்தது எவ்வளவு எடுக்க வேண்டும்.
3. சரக்கின் நீள அகலம், நூல் நம்பர், சாயம் நிற்குமா என்ற விவரம்.
4. முகவரி, திருத்தணியிலிருந்து வரும் வழி, தொலைபேசி எண்.
5. கடை திறக்கும் நேரம், விடுமுறை நாள்.
6. ஜி.எஸ்.டி. எண், பில் கொடுக்கும் கடை என்று தெரிந்தால் வெளியூர்க்காரருக்கு நம்பிக்கை பிறக்கும்.

விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று எழுதக் கூடாது. கடையில் வாயால் சொன்னது காற்றோடு போய்விடலாம். வலையில் எழுதியதை எவரும் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பெயர் கெட்டால் ஊருக்கே கெடும்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கைபேசியில் எடுத்த படம் பெரும்பாலும் பல எம்.பி. அளவில் இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவருக்குப் பக்கம் திறக்கவே நேரமாகும், பொறுமையிழந்து மூடிவிடுவார். 200 கே.பி.க்குள் சுருக்கி ஏற்றுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 'ஆல்ட்' என்ற இடத்தில் அது என்ன படம் என்று ஒரு வரி எழுதுங்கள். கண் தெரியாதவருக்குக் கைபேசி படித்துச் சொல்வதும், தேடுபொறி புரிந்துகொள்வதும் அந்த வரியைக் கொண்டுதான்.

பெயரும் இடமும்

எழுதிய பக்கத்தை உலகம் பார்க்க இரண்டு பொருள் வேண்டும். ஒன்று பெயர், மற்றொன்று இடம்.

பெயர் என்பது தளப்பெயர். 'டாட் காம்', 'டாட் இன்' என்று முடிவது. தமிழிலேயே '.இந்தியா' என்று முடியும் பெயரும் பெறலாம். 'டாட் இன்' பெயர்களை நிக்சி என்ற இந்திய நிறுவனம் நிர்வகிக்கிறது. 2005 முதல் யார் வேண்டுமானாலும் எளிதாகப் பதிவு செய்யும் நிலை வந்தது. தளப்பெயரை நாம் கிரயம் செய்வதில்லை. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை எடுக்கலாம். முதல் ஆண்டுக்குக் குறைந்த விலை சொல்லிவிட்டுப் புதுப்பிக்கும்போது கூட்டி வாங்குவது இத்துறையில் சகஜம். ஆகவே புதுப்பிப்புக் கட்டணத்தைக் கேட்டபின் பதிவு செய்யுங்கள்.

இடம் என்பது நம் பக்கங்கள் தங்கும் கணினி. இது வாடகைக் கடை போன்றது. பிடிக்காவிட்டால் சரக்கை எடுத்துக்கொண்டு வேறு இடம் போகலாம். பெயர் நம்முடையதாக இருந்தால் வாடிக்கையாளருக்கு இடம் மாறியதே தெரியாது. வாடகைக்கு எடுக்கும் இடத்தில் பூட்டு அடையாளத்துக்குரிய சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். 2018 ஜூலை முதல் குரோம் உலாவி அது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று காட்டி வருகிறது. 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற அமைப்பு இச்சான்றிதழை இலவசமாக வழங்குவதால் இதற்கென்று பெரிய தொகை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பிறர் நிலத்தில் கட்டிய கடை

"வாட்ஸ்அப் இருக்கிறது, ஃபேஸ்புக் இருக்கிறது, தனிப் பக்கம் எதற்கு?" என்று கேட்கலாம். அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அவை பிறருடைய நிலம். 1990-களில் ஜியோசிட்டீஸ் என்ற நிறுவனம் இலவசமாக இடம் கொடுத்தது. உலகெங்கும் மக்கள் அதில் பக்கம் அமைத்தார்கள். 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கூகுள் நிறுவனம் வணிகப் பட்டியலோடு இலவசமாகக் கொடுத்துவந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. அவற்றின் முகவரியை விசிட்டிங் கார்டிலும் பைகளிலும் அச்சடித்தவர்கள் மீண்டும் அச்சடிக்க நேர்ந்தது. சொந்தத் தளப்பெயர் வைத்திருந்தவருக்கு அந்தச் செலவு இல்லை. அதே பெயரை வேறு இடத்தோடு இணைத்துக்கொள்ளலாம்.

பெயருக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது. சென்னையில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரைச் சுருக்கி 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி, அதை வைத்து 1999-ல் தளப்பெயர்களைப் பதிவு செய்தது. பின்னர் வேறொரு நிறுவனம் ஓர் ஆங்கில எழுத்தை மட்டும் இரட்டித்து 'சிஃபினெட்' என்று பதிவு செய்தது. பெங்களூர் உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து சத்யம் இன்ஃபோவேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தளப்பெயர் வெறும் முகவரி மட்டும் அன்று, வணிகரின் நற்பெயரைத் தாங்கி நிற்பது. வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பெரிய நிறுவனம் உச்சநீதிமன்றம் வரை போகும். நம்மைப் போன்றவர்களுக்கு அது ஆகாது. பெயரை முதலிலேயே நம் பெயரில் பதிவு செய்துகொள்வதே நமக்குரிய வழி.

அமைத்துத் தருபவரிடம் பேச வேண்டியவை

வேலையைப் பிறரிடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

1. தளப்பெயர் கடை உரிமையாளர் பெயரில், அவரது மின்னஞ்சலில், அவரது கைபேசி எண்ணில் பதிவாக வேண்டும். பதிவாளர் கணக்கின் கடவுச்சொல் நம்மிடம் இருக்க வேண்டும்.
2. பக்கங்கள், படங்கள் அனைத்தின் பிரதியும் பென்டிரைவில் நமக்குத் தரப்பட வேண்டும்.
3. புதுப்பிக்கும் தேதியும் தொகையும் எழுதப்பட வேண்டும். அத்தேதியைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.
4. விலை, முகவரி போன்ற சிறு திருத்தங்களை நாமே செய்யும் முறையைச் சொல்லித் தர வேண்டும்.

'டாட் காம்' போன்ற பெயர் காலாவதியாகிப் பதிவாளர் அதை நீக்கிவிட்டால், மீட்டுக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அப்போது கட்டணம் பல மடங்காக இருக்கும். அதுவும் கடந்தால் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சலில் வரும் எல்லாக் கடிதமும் உண்மையானதல்ல. கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், பதிவாளர் கணக்கில் நாமே நுழைந்து தேதியைச் சரிபார்த்துப் பணம் கட்டுங்கள்.

நான்கு வாரத் திட்டம்

கடை அடைத்தபின் தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் வாரம் மேற்சொன்ன ஆறு குறிகளையும் எழுதிப் பழகுங்கள். இரண்டாம் வாரம் சி.எஸ்.எஸ்.ஸில் நிறம், எழுத்தளவு, ஓர இடைவெளி ஆகிய மூன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் படங்களைச் சுருக்கிச் சேர்த்து, பழைய கைபேசி ஒன்றில் திறந்து பாருங்கள். நான்காம் வாரம் பெயரைப் பதிவு செய்து பக்கத்தை ஏற்றுங்கள். கற்பதற்கு 'டபிள்யூ3ஸ்கூல்ஸ்', மொசில்லாவின் 'எம்.டி.என்.' ஆகிய தளங்களில் பாடங்கள் இலவசமாக உள்ளன. ஆங்கிலம் தடையாக இருந்தால் வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையும் சேர்ந்து கற்கும்.

பணத்தை வலையிலேயே வாங்கும் ஏற்பாட்டுக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். அதற்கு வரி, சரக்கு திரும்புதல், நுகர்வோர் சட்டம் என்று வேறு பொறுப்புகள் உண்டு. ஆடிட்டரைக் கலந்து பிறகு செய்யலாம். பார்ப்பவர் நம்மை அழைக்கும்படி ஒரு நேர்மையான பக்கம் இருந்தாலே முதல் படி ஏறியாகிவிட்டது.

ஏற்கெனவே தளம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த வாரமே ஒன்றைச் செய்யுங்கள். தளப்பெயரின் பதிவாளர் கணக்கில் உங்களால் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அமைத்துக் கொடுத்தவரிடம் நல்ல முகத்தோடு இருக்கும்போதே கேட்டு, உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைச் சாவியை நாம் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. இதுவும் கடைச் சாவிதான்.